எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) முடிந்ததும் எல்லோரும் பழைய முறைக்கே திரும்புவது ஏன்? சர்வே எடுக்கப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

அலைநீளம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டுக்கு இயற்பியல் எடுக்கிறேன், கூடவே பகுதிநேர பிஎச்.டி.யும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய கற்பித்தல் முறைகளைக் கல்லூரி ஆசிரியர்கள் எப்படி ஏற்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. கைடு சரி என்று சொல்லிவிட்டார். கேள்வித்தாள் தயாரிக்க உட்கார்ந்தால்தான் தலை சுற்றுகிறது.

எங்கள் பக்கம் நிலைமை உங்களுக்கே தெரிந்திருக்கும். விடுமுறையில் ஐந்து நாள் எஃப்.டி.பி. வைப்பார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து ஃபிளிப்டு கிளாஸ்ரூம் (பாடத்தை வீட்டில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பயிற்சி செய்வது), பியர் இன்ஸ்ட்ரக்ஷன் (மாணவர்கள் தங்களுக்குள் வாதாடிப் படிப்பது), திங்க்-பேர்-ஷேர் (தனியாக யோசித்து, ஜோடியாகப் பேசி, வகுப்புக்குச் சொல்வது) எல்லாம் சொல்லிக்கொடுப்பார், நன்றாகவே சொல்லிக்கொடுப்பார். சர்டிபிகேட், குரூப் போட்டோ, டீ, பிஸ்கட். கல்லூரி திறந்ததும் போன வருடத்து பிபிடி.

புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ் 1962-ல் கொடுத்த பிரிவை அடிப்படையாக வைக்கலாம் என்று இருக்கிறேன். புதுமையை முதலில் கையில் எடுப்பவர்கள் 2.5%, சீக்கிரம் ஏற்பவர்கள் 13.5%, முன் பெரும்பான்மை 34%, பின் பெரும்பான்மை 34%, கடைசியாக வரும் பின்தங்கியவர்கள் 16%. எங்கள் கல்லூரியிலும் பக்கத்தில் உள்ள சில கல்லூரிகளிலும் சர்வே எடுத்து, யார் எந்த வகை என்று பிரித்து, வயது, அனுபவம், டிபார்ட்மென்ட் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, அந்த 16 சதவீதத்தினருக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று பரிந்துரைத்து முடிக்கலாம் என்பது திட்டம். அதில் பெரும்பாலும் சீனியர்கள்தான் வருவார்கள் என்பது என் யூகம்.

இந்தப் பிரிவு போதுமா, இதைவிடப் பொருத்தமான வேறு ஏதாவது இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அப்புறம் இது என்பிஏ (படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பு) வருகிற வருடம், 'பயன்படுத்துகிறீர்களா' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், அதற்கு என்ன செய்வது? இன்னொன்று, பியர் இன்ஸ்ட்ரக்ஷனை நானே போன செமஸ்டர் ஒரு யூனிட்டுக்கு நடத்திப் பார்த்தேன். 'சார், நீங்களே நடத்துங்க சார், அதுதான் புரியுது' என்று பையன்கள் சொல்லவே விட்டுவிட்டேன். இந்த அனுபவத்தை ஆய்வில் சேர்க்கலாமா, இல்லை அது என் சொந்தக் கதை என்று விட்டுவிடுவதா?

---

பனிக்காகம் எழுதியது:

அமெரிக்காவில் இயற்பியல் கல்வி ஆய்வில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆக இருக்கிறேன், உங்கள் தலைப்பு என் வேலைக்கு ரொம்பப் பக்கம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 16 சதவீதத்தை விட்டுவிடுங்கள் சார். யாரும் எண்ணிப் பார்த்துக் கிடைத்த எண் இல்லை அது. யார் எப்போது ஏற்றார் என்பதை மணி வடிவ வளைகோடாக எடுத்துக்கொண்டு, சராசரியில் ஒரு கோடு, அதற்கு ஒரு திட்டவிலக்கம் (பரவலை அளக்கும் அலகு) முன்னால், இரண்டு திட்டவிலக்கம் முன்னால், ஒன்று பின்னால் என்று கோடு போட்டால் இந்த ஐந்து எண்களும் தாமாக வந்து விழும். எந்த ஊரில் எந்தப் பொருளுக்குக் கோடு போட்டாலும் இதே எண்கள்தான். அதுவும் ஏற்பு ஓரளவு முடிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்துப் போட வேண்டிய கோடு. பாதி வழியில் இருக்கும் ஒரு கல்லூரியில் போய் 'நீங்கள் பின்தங்கியவர்' என்று ஒருவருக்கு முத்திரை குத்த அந்தச் சட்டகத்தை வைத்து முடியாது. ரோஜர்ஸின் அப்பாவே ஒரு நல்ல உதாரணம். ஐயோவா மாநிலத்து விவசாயி. புது இயந்திரம் என்றால் ஆசையாக வாங்குவார், கலப்பின மக்காச்சோள விதையை மட்டும் வருடக்கணக்கில் தொடவில்லை. 1936 வறட்சியில் கலப்பினச் சோளம் நிமிர்ந்து நிற்க, தன் வயல் வாடிப்போனதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். இவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சார்ல்ஸ் ஹெண்டர்சன், மெலிசா டான்சி ஆகியோர் அமெரிக்காவில் 722 இயற்பியல் பேராசிரியர்களிடம் நடத்திய சர்வே 2012-ல் வெளியானது. ஆய்வில் தேறிய கற்பித்தல் முறை ஏதாவது ஒன்றையாவது கேள்விப்பட்டவர்கள் 88%. ஒன்றையாவது நடத்திப் பார்த்தவர்கள் 72%. அப்படி நடத்திப் பார்த்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் எல்லாவற்றையுமே கைவிட்டிருந்தார்கள். அதாவது விஷயம் காதுக்கு எட்டாததோ, தொட்டுப் பார்க்க மனம் வராததோ பெரிய சிக்கல் இல்லை. தொட்ட பிறகு கையில் நிற்கவில்லை. உங்கள் சீனியர் யூகத்துக்கும் அங்கே அடி விழுகிறது, வயது எந்தக் கட்டத்திலும் தடையாகத் தெரியவில்லை. வகுப்பு பெரிதாக இருப்பதோ, ஆராய்ச்சிச் சுமை அதிகமாக இருப்பதோகூட, ஓரிரு முறைகளையாவது பயன்படுத்துவதற்குத் தடையாக இருக்கவில்லை.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில், கண்டிப்பாகச் சேருங்கள் என்பதுதான். நீங்கள் தேட வேண்டிய ஆளே நீங்கள்தான். ரோஜர்ஸின் ஐந்து பெட்டிகளில் உங்களுக்கு இடம் இல்லை பாருங்கள். ஏற்றவரும் இல்லை, ஏற்காதவரும் இல்லை, எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தவர். பெட்டிகளில்தான் இடம் இல்லையே தவிர, ஏற்றதைக் கைவிடுவது பற்றி ரோஜர்ஸும் பேசுகிறார். அந்தப் பகுதியை யாரும் பிபிடியில் போடுவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் கைவிடுகிறார்கள்? என் பார்வையில் முதல் காரணம், எஃப்.டி.பி.யிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் முறையின் நடுப்பாகம் கழன்று விழுந்துவிடுவது. ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 வாக்கில் ஆரம்பித்த பியர் இன்ஸ்ட்ரக்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். சுமையேற்றிய லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்று கேட்கிறீர்கள். நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பையன் லாரி என்பான். இந்த மாதிரிக் கேள்விகளை மசூர் தன் வகுப்பில் கொடுத்தபோது, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டதாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சரி, கேள்வி கேட்டாயிற்று. ஒன்றிரண்டு நிமிடம் யாரோடும் பேசாமல் தனியாக யோசித்து ஒரு விடைக்கு ஓட்டுப் போட வேண்டும். 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட வேண்டும். மறுபடி ஓட்டு. அதற்கப்புறம்தான் உங்கள் விளக்கம். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், நேரம் இல்லை என்று முதல் ஓட்டை விட்டுவிடுவார்கள், அல்லது ஓட்டு முடிந்ததுமே விடையைச் சொல்லிவிடுவார்கள். மிஞ்சுவது வகுப்புக்கு நடுவில் ஒரு க்விஸ். அது பலன் தராது, தரவும் வேண்டியதில்லை.

பேச விடுவதில்தான் சரக்கே இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பு ஒன்றில் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள், குழுவில் யாருக்குமே முதலில் சரியான விடை தெரியாத இடங்களில்கூட, பேசிய பிறகு அதே கருத்தில் வேறு கேள்வி கொடுத்தால் முன்னேற்றம் தெரிந்தது. கெட்டிக்காரன் விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறான் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

'நீங்களே நடத்துங்க சார்' என்பதும் உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. ஹார்வர்டிலேயே லூயி டெலோரியேவும் மற்றவர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அதே பாடத்தை ஒரு பிரிவு விரிவுரையாகக் கேட்டது, இன்னொரு பிரிவு தானே கணக்குப் போட்டுப் பேசிப் படித்தது. அடுத்த பாடத்துக்கு இரண்டு பிரிவும் இடம் மாறின. தானே போட்டுப் படித்தவர்கள் டெஸ்ட்டில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தடுமாறிப் படிக்கும்போது ஒன்றும் புரியாத மாதிரி இருக்கும். உங்கள் பையன்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருந்திருக்கும்.

---

சாக்பீஸ்_தாத்தா எழுதியது:

அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அலைநீளம் தம்பி சொல்கிற 16 சதவீதத்தில் அடியேனையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பனிக்காகம் தம்பி அழகாக எழுதியிருக்கிறார், ஆனாலும் எனக்குச் சில மனத்தாங்கல் உண்டு.

இந்த ஆய்வுகள் எல்லாம் யார் வகுப்பில் நடந்தவை? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு எடுக்கிற ஆசிரியருடைய வகுப்பில்? எங்கள் காலத்திலேயே வகுப்பு, லேப், தேர்வுப் பணி, அட்மிஷன் வேலை, என்.எஸ்.எஸ். கேம்ப் என்று இழுபறி. இப்போது தனியார் கல்லூரிகளில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கவும் ஆசிரியரைத்தான் அனுப்புகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவரிடம் போய் நீங்கள் ஏன் புதுமையை ஏற்கவில்லை என்று ஐந்து புள்ளி அளவுகோலில் டிக் அடிக்கச் சொன்னால் அவர் வாயில் நல்ல வார்த்தையா வரும்?

அடுத்தது தேர்வு. அண்ணா பல்கலைக்கழக வினாத்தாள் முறையைச் சில வருடமாகப் பார்க்கிறேன், இரண்டு மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. அந்த 13 மார்க்குக்கு ஒரு டெரிவேஷனை வரி பிசகாமல் எழுதினால் போதும். லாரி, கார் விவகாரத்தில் ஒருவனுக்குத் தெளிவு வந்ததா இல்லையா என்று அந்தத் தாளுக்கு எப்படித் தெரியும்? மாணவன் முட்டாள் இல்லை. எது மார்க் தருமோ அதைக் கேட்கிறான். 'நீங்களே நடத்துங்க' என்றால், பரீட்சைக்கு எழுத வேண்டியதைக் கொடுங்கள் என்று அர்த்தம். ஹார்வர்டு ஆய்வு மனநிலையைச் சொல்கிறது, இவன் பிழைக்கும் வழியைச் சொல்கிறான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பேச விடுவதில் பலன் உண்டு. எங்கள் கல்லூரியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான் அதிகம். கரிம வேதியியலில் ஒரு வினைவழிமுறையை போர்டில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டு, எலெக்ட்ரான் இங்கிருந்து அங்கே ஏன் போகிறது என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தமிழில் சொல்லு என்பேன். ஐந்து நிமிடம் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கும், முதல்வர் வராந்தாவில் நடந்தால் எட்டிப் பார்ப்பார். ஆங்கிலத்தில் கேட்டுத் தலையாட்டியவன் தமிழில் சொல்ல முடியாமல் முழிப்பான் பாருங்கள், அங்கேதான் அவனுக்குப் புரியவில்லை என்பது அவனுக்கே தெரியும். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பிற்பாடு ஒரு ரெஃப்ரெஷர் கோர்ஸில்தான் தெரிந்தது. உங்கள் சர்வேயில் பெயரைப் போட்டுக் கேட்டால் என் மாதிரி ஆட்கள் 'கேள்விப்பட்டதில்லை' என்று டிக் அடித்துவிடுவோம், யோசித்துக்கொள்ளுங்கள்.

---

லேப்_கோட்டு எழுதியது:

மூன்றாம் வருடம் இ.சி.இ. படிக்கிறேன். ஆசிரியர்கள் பேசுகிற இடத்தில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும்.

தாத்தா சொன்னது சரிதான், ஆனால் மார்க் மட்டும் காரணம் இல்லை. எங்களுக்கு ஃபிளிப்டு கிளாஸ் என்றால் என்ன தெரியுமா? ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் என்பிடெல் வீடியோ லிங்க் வரும். ஒரு மணி நேர வீடியோ. பார்த்துவிட்டு வாருங்கள் என்பார்கள். காலையில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் சார் அதே வீடியோவில் உள்ளதைத் திரும்பவும் நடத்துவார். பார்த்துவிட்டு வந்தவனுக்கு இரண்டாவது தடவை போர். அடுத்த முறை அவனும் பார்க்க மாட்டான். அவ்வளவுதான், ஃபிளிப் முடிந்தது.

குரூப் டிஸ்கஷனும் அப்படித்தான். தப்பாகப் பேசினால் சார் மனதில் பதிந்துவிடும், இன்டர்னலில் கை வைப்பார் என்று பயம். உண்மையில் கை வைப்பாரா என்பது வேறு விஷயம், பயம் இருக்கிறதே. அதனால் எப்போதும் பேசுகிற இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் நோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஹாஸ்டல் பசங்க ஒரு குரூப், டே ஸ்காலர்ஸ் ஒரு குரூப், பெண்கள் தனி வரிசை. பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள் என்றால் பக்கத்தில் இருப்பவனுக்கும் அதே சந்தேகம்தான் இருக்கும்.

சிக்னல்ஸ் பேப்பருக்கு ஒரு மேடம் வந்தார். முதல் கிளாஸிலேயே, நான் இப்படித்தான் நடத்தப் போகிறேன், ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், ஏன் இப்படி என்று சொல்கிறேன் கேளுங்கள் என்று கால் மணி நேரம் பேசினார். அப்புறம் நான்கு கலரில் அட்டை கொடுத்தார். அட்டையை நெஞ்சுக்கு நேராக வைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், அதனால் அடுத்தவன் என்ன போட்டான் என்று பார்த்துப் போட முடியாது. சரியான விடைக்கு மார்க் கிடையாது, தப்புக்குக் கழிப்பதும் கிடையாது. ஆனால் இன்டர்னல் டெஸ்ட்டில் அதே மாதிரி ஒரு கேள்வி, ஏன் என்று இரண்டு வரி எழுதச் சொல்லி, கண்டிப்பாக வரும். அந்த ஒரு கேள்விக்காகவே வகுப்பில் பேச ஆரம்பித்தோம். கன்வல்யூஷன் எனக்குப் புரிந்தது அங்கேதான். மேடம் அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், அந்தப் பேப்பரை இப்போது பிபிடி வைத்துத்தான் நடத்துகிறார்கள் என்று ஜூனியர்கள் சொன்னார்கள்.

---

திட்டவிலக்கம் எழுதியது:

கல்வியியல் துறையில் ஆய்வு முறைகள் நடத்துகிறேன். லேப் கோட்டு எழுதிய கடைசி வரியைத்தான் அலைநீளம் சார் முதலில் கவனிக்க வேண்டும். ஒரு நல்ல ஆசிரியர் போனதும் முறையும் போய்விட்டது என்றால், ஏற்பு என்பதைத் தனி ஆளின் குணமாக அளந்து பயன் இல்லை.

ஹெண்டர்சன், ஆண்ட்ரியா பீச், நோவா ஃபிங்கெல்ஸ்டைன் மூவரும் இளநிலை அறிவியல், பொறியியல் கற்பித்தலை மாற்றுவது பற்றிய 191 கட்டுரைகளை அலசி 2011-ல் வெளியிட்டார்கள். இரண்டு வழிகள் வேலை செய்வதில்லை என்று அதில் தெளிவாகவே சொல்கிறார்கள். நல்ல பாடப்பொருளைத் தயாரித்து வைத்துவிட்டு மற்றவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று இருப்பது ஒன்று. மேலிருந்து உத்தரவு போடுவது இன்னொன்று. நம் ஊர் எஃப்.டி.பி. முதல் வகையின் தங்கச்சி. என்பிஏ ஃபைல் இரண்டாவது வகை. 2014-ல் இந்தியா, பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினராகச் சேர்ந்த பிறகு, கற்றல் விளைவு சார்ந்த கல்வி என்பது பொறியியல் கல்லூரிகளில் சிஓ-பிஓ மேப்பிங் (பாடத்தின் இலக்குகளைப் படிப்பின் இலக்குகளோடு பொருத்துவது) டேபிளாக வந்து சேர்ந்தது. யோசனை மோசமானது இல்லை. ஆனால் டேபிளை நிரப்புகிறவருக்கும் வகுப்புக்குள் நடப்பதற்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியவில்லை. எக்செல் நிரம்பிவிட்டால் ஏற்பு முடிந்தது.

டிக் அடித்துவிட்டுப் போவார்கள் என்ற உங்கள் பயம் நியாயமானது. சொல்வதற்கும் செய்வதற்கும் இடைவெளி எல்லா ஊரிலும் உண்டு, அதனால்தான் நேரில் போய்ப் பார்த்தார்கள். மெரிலின் ஸ்டெயின்ஸும் மற்றவர்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் வட அமெரிக்காவில் 25 கல்வி நிறுவனங்களில் 2,000-க்கும் மேற்பட்ட வகுப்புகளைப் பார்த்துக் குறித்தார்கள். 55 சதவீத வகுப்புகள் பெரும்பாலும் வெறும் விரிவுரை. மாணவரை மையமாக வைத்தவை 18 சதவீதம்தான். அதற்கு நான்கு வருடம் முன்புதான் ஸ்காட் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் தொகுத்து, விரிவுரை வகுப்பில் தோல்வி 33.8%, மாணவர்கள் தாமே செய்து, பேசிப் படிக்கிற செயல்வழி வகுப்பில் 21.8% என்று காட்டியிருந்தது. இவ்வளவு தெளிவான ஆதாரம் வெளிவந்தும் அங்கேயே நிலைமை அப்படி. ஆகவே ஆதாரத்தை இன்னும் உரக்கச் சொன்னால் மாறிவிடுவார்கள் என்ற நினைப்பில் பரிந்துரை எழுதாதீர்கள்.

நீங்களும் கொஞ்சம் வகுப்புகளையாவது நேரில் பாருங்கள். கோப்பஸ் என்று ஒரு குறிப்புத் தாள் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கட்டத்தில் டிக் போடுவது, அவ்வளவுதான். நல்ல ஆசிரியரா என்று தீர்ப்பு எழுதுவதற்கு அதில் இடம் கிடையாது, அதனால் பார்க்கப்படுகிறவருக்கும் உறுத்தாது. தாத்தா சொன்ன சிக்கலுக்கும் அதுவே வழி. முறையின் பெயரைக் கேட்காமல், 'போன வாரம் உங்கள் வகுப்பில் மாணவர்கள் தங்களுக்குள் பாடத்தைப் பற்றிப் பேசிய நேரம் எவ்வளவு' என்று கேளுங்கள்.

மாணவர் ஃபீட்பேக் மதிப்பெண்ணை வைத்துப் பலனை அளக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம். 1970-ல் ஒரு நடிகரை டாக்டர் ஃபாக்ஸ் என்று அறிமுகப்படுத்தி, கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்வியில் பயன்படுத்துவது பற்றிப் பேச வைத்தார்கள். பேச்சில் சரக்கே கிடையாது, முன்னுக்குப் பின் முரண், நடுநடுவே ஜோக். கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள் போன்றவர்கள். பிரமாதம் என்று மதிப்பெண் போட்டார்கள். அது சின்னப் பரிசோதனை, குறைகளும் உண்டு. ஆனால் 2017-ல் பாப் உட்டல் குழு பல பிரிவுகள் கொண்ட பாடங்களின் தரவுகளை மறுபடி தொகுத்துப் பார்த்தபோதும், ஆசிரியருக்கு மாணவர் போடும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் கற்ற அளவுக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை என்றுதான் வந்தது. புதிய முறையை முயல்கிற ஆசிரியருக்கு முதல் செமஸ்டர் ஃபீட்பேக் இறங்கும், இன்கிரிமென்ட் அதில் தொங்கும். கைவிடாமல் என்ன செய்வார்?

---

அலைநீளம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஐந்து வகைப் பிரிவைத் தூக்கிவிட்டேன். கேள்விப்பட்டேன், முயன்றேன், விட்டேன், தொடர்கிறேன் என்று நிலைகளாகப் பிரித்து, விட்டவர்களிடம் மட்டும் நீண்ட பேட்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன். கைடுக்கு 'சாம்பிள் சைஸ்' குறைகிறதே என்று கவலை வரும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாக்பீஸ் ஐயா, சுமை பற்றி நீங்கள் சொன்னதைத் தனிப் பகுதியாகவே வைக்கிறேன். பேட்டிக்கு நீங்களே முதல் ஆளாக வர வேண்டும்.

இரண்டு சந்தேகம் பாக்கி. என் வகுப்பில் அறுபது பேர், வைஃபை பாதி நாள் கிடைக்காது, போனை வகுப்பில் எடுக்கக் கூடாது என்று விதி வேறு. கிளிக்கர் (மாணவர்கள் விடைக்கு ஓட்டுப் போட அழுத்தும் கருவி) வாங்க நிர்வாகத்தில் கேட்கவே முடியாது. அட்டை போதுமா? இன்னொன்று, நான் ஒருவன் மட்டும் செய்தால் அந்த மேடம் கதைதான் ஆகும். எங்கே ஆரம்பிப்பது?

---

பனிக்காகம் எழுதியது:

அட்டை தாராளமாகப் போதும். மான்ட்ரியாலில் நத்தானியேல் லாஸ்ரி கிளிக்கர் வைத்த வகுப்பையும் அட்டை வைத்த வகுப்பையும் ஒப்பிட்டு 2008-ல் எழுதினார், கற்றலில் வித்தியாசம் இல்லை. கருவி இருந்தால் எண்ணிக்கை பதிவாகும், ஆய்வுக்கு வசதி, அவ்வளவே. நீங்கள் இரண்டு ஓட்டுக்கும் முன் வரிசையில் நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு எண்ணிக்கொள்ளலாம். போன் தடை மாணவருக்குத்தானே. முகம் தெரிகிற படம் என்பதால் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்கள்.

தாத்தாவின் முதல் கேள்விக்கும் ஒரு வரி. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இயற்பியல் பாடம் ஒன்றில் ஒரு வாரம் மட்டும் ஒப்பிட்டார்கள். ஒரு பக்கம் நல்ல பெயர் வாங்கிய அனுபவசாலிப் பேராசிரியரின் விரிவுரை, மறு பக்கம் அனுபவம் குறைந்த ஒரு போஸ்ட்டாக் செயல்வழியில். டெஸ்ட்டில் சராசரி 41-க்கு 74. ஒரே வாரம், அதனால் அதை ரொம்ப இழுக்கக் கூடாது, ஆனால் ஆசிரியரின் திறமைதான் எல்லாம் என்ற வாதத்துக்கு அது நல்ல பதில். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்ற வாதத்துக்குப் பதில் இல்லை ஐயா, அதில் நீங்கள் சொன்னதுதான் சரி.

அந்த ஆய்வில் இருந்த கார்ல் வீமன், 2001-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர், 2006-ல் கொலராடோவிலும் அடுத்த வருடம் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தார். அவர் பணத்தைத் தனி ஆசிரியருக்குக் கொடுக்கவில்லை, டிபார்ட்மென்ட்டுக்குக் கொடுத்தார். கூடவே அந்தப் பாடத்திலேயே டாக்டரேட் வாங்கியவர்களைக் கற்பித்தல் ஆய்வில் பயிற்சி கொடுத்து டிபார்ட்மென்ட்டுக்குள் உட்கார வைத்தார். கேள்வி தயாரிக்க, வகுப்பில் கூட நிற்க, பாடக்குறிப்பை அடுத்த ஆசிரியருக்குக் கைமாற்றிவிட ஆள் இருந்தது. உங்களிடம் நோபலும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் முதலாண்டு இயற்பியலை நான்கைந்து செக்‌ஷனுக்கு நான்கைந்து பேர் எடுப்பீர்கள் அல்லவா? அதில் ஒருவரையாவது பிடியுங்கள், பக்கத்துச் செக்‌ஷன் எடுப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. ஐயோவா சோள விதையை 1943-ல் ஆராய்ந்த ரையனும் கிராஸும் கண்டதும் அதுதான், விதை வந்திருக்கிறது என்று முதலில் சொன்னது விற்பனையாளர், போட்டுப் பார்க்கலாம் என்று நம்ப வைத்தது அக்கம்பக்கத்து விவசாயி. அவர்களும் முழு வயலிலும் போடவில்லை, ஓரமாக ஒரு துண்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெருக்கினார்கள்.

நீங்களும் ஐந்து யூனிட்டையும் தொடாதீர்கள். ஒரு யூனிட், வகுப்புக்கு ஒரு கேள்வி, இரண்டு செக்‌ஷனிலும் அதே கேள்வி. லேப் கோட்டு சொன்னபடி முதல் நாளே காரணத்தைச் சொல்லிவிடுங்கள், ஹார்வர்டு குழுவும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. யுனிவர்சிட்டி வினாத்தாள் உங்கள் கையில் இல்லை, இன்டர்னல் உங்கள் கையில் இருக்கிறது, இரண்டு செக்‌ஷனுக்கும் பொதுவாக ஒரு 'ஏன்' கேள்வி வைத்துவிடுங்கள். அந்தக் கேள்வியின் மார்க்கை மட்டும் தனி நோட்டில் குறித்து வையுங்கள், அடுத்த செமஸ்டர் மூன்றாவது ஆளைக் கூப்பிடும்போது காட்ட அது வேண்டும்.

---

திட்டவிலக்கம் எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. பேட்டியில் கிடைப்பது எதுவும் ஐ.க்யூ.ஏ.சி.க்கோ (கல்லூரியின் தர உறுதிப் பிரிவு) முதல்வருக்கோ போகாது என்று எழுத்தில் கொடுங்கள், கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள். என்பிஏ வருகிற வருடம் என்கிறீர்கள், 'நான் விட்டுவிட்டேன்' என்று ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்றால் அந்தத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும். முடிந்தால் உங்கள் சொந்தக் கல்லூரியில் பேட்டியை நீங்கள் எடுக்காமல் வேறு கல்லூரி ஸ்காலர் ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள், பதிலுக்கு அவருடைய கல்லூரியில் நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம்.